கிரீன் கார்ட் வருமுன் வேலை மாறிய மகனுக்கு

மகன்,

நேற்று நீ போன் எடுத்து, "கார்ட் வந்திட்டுது அம்மா" என்று சொன்னபோது, நான் போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டேன். பெயர் சரியாக அடித்திருக்கிறார்களா, பிறந்த திகதி சரியா, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்தாயா என்று அப்பா உன்னை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இன்று காலை அவர் பார்க்கில் நடக்கப் போய்விட்டார். நேற்றுச் சொல்லாததை எல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். லண்டனில், மோர்டனில் இந்த வீட்டுக்குள் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன், இனி உன் வாழ்க்கையை நீயே நடத்தப் போகிறாய் என்பதால்.

நீ மிருக வைத்தியத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் எங்கள் மாதா கோவிலில் எத்தனை பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. டொக்டருக்கு இடம் கிடைக்கவில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கிடைத்தது, வேண்டாம் என்றுவிட்டான் என்றால் யாரும் நம்பவில்லை. எனக்கே முதலில் விளங்கவில்லை. லண்டனில் பிறந்து, ட்ராமிலும் பஸ்ஸிலும் வளர்ந்த பிள்ளைக்கு மாட்டின்மேல் எங்கிருந்து இந்தப் பிரியம் வந்தது? ஆரம்பப் பள்ளியில் உங்களைப் பண்ணை பார்க்கக் கூட்டிப் போன அன்று நீ வீட்டுக்கு வந்து கை கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்தாய். ஒரு பசு உன் உள்ளங்கையை நக்கியிருந்தது. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் பேசினில் பிடித்துக் கழுவினார், நீ கத்தினாய். படிப்பு முடிந்து அமெரிக்காவில், விஸ்கொன்சினில் ஒரு சின்ன ஊரில், பால் பண்ணைகளுக்கு நடுவே வேலை கிடைத்தது என்று நீ வந்து சொன்னபோது, அந்தக் கத்தல்தான் எனக்கு நினைவு வந்தது. இந்தப் பிள்ளை போகத்தான் போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன. உன்னை எடுத்த அந்தக் கிழ வைத்தியர் நல்ல மனிதர். அங்கேயே நிரந்தரமாக இருக்க உனக்குக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டதும் அவர்தான். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, பனிக்குள் எந்தப் பண்ணைக்குப் போனாய், எந்த மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டாய் என்று சொல்வாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்பார். பிறகு அந்த வைத்தியர் கிளினிக்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு ஓய்வெடுத்தார். கம்பெனிக்காரர் பண்ணைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். நாயும் பூனையும் போதும் என்றார்கள். உன்னை நகரத்துக் கிளினிக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். உன் குரலில் இருந்த ஏதோ ஒன்று அப்போதே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு காலநிலையோடு முடிந்தது.

ரூத் அம்மாவைப் பற்றி நீ முதன்முதலில் சொன்னது அந்த வசந்த காலத்தில். பக்கத்து மாவட்டத்தில் தனியாக ஓடித் திரிகிற ஒரு மிருக வைத்தியர், அறுபது தாண்டியவர், பண்ணைகள் அவ்வளவையும் ஒற்றை ஆளாகப் பார்க்க ஏலாமல் உன்னைக் கூப்பிடுகிறார் என்றாய். விண்ணப்பம் பழைய கிளினிக்கின் பெயரில் கிடக்கிறதே, அது என்ன ஆகும் என்று அப்பா உடனே கேட்டார். உன் சட்டத்தரணி சொன்னதை நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். விண்ணப்பம் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்துவிட்டால், அதே மாதிரியான வேலைக்கு மாறலாம், புது முதலாளி ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும், விண்ணப்பம் சாகாது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ரூத் அம்மாவின் சின்ன இடத்தால் உனக்குப் புதிதாக வேலை விசா எடுக்க ஏலாது. விண்ணப்பத்தோடு வந்த வேலை அனுமதியில்தான் நீ அங்கே வேலை செய்ய வேண்டும். அப்படி மாறினால், பயண அனுமதி என்று இன்னொரு கடதாசி வரும்வரை நீ நாட்டை விட்டு வெளியேற முடியாது. வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கடதாசி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உன் தங்கை ஷெரினின் கலியாணம் அந்த மார்கழிக்கு வைத்திருந்தது.

அன்று அப்பா சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "கார்ட் கையில வரும்வரைக்கும் அசையாதை. அவங்கள் நாயைப் பார் எண்டால் நாயைப் பார். தங்கச்சின்ர கலியாணத்துக்கு வந்து நில்." நீ "ஓம் அப்பா" என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் நீ வர வேண்டும் என்றிருந்தது. கோவிலில் குடும்பமாக முன்வரிசையில் உட்காருவதை நான் எத்தனையோ தரம் மனதுக்குள் பார்த்துவிட்டேன். ஆகவே அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ பிறந்தபோது நாங்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் இருந்தோம், எங்கள் அகதிக் கேஸ் குடிவரவு பார்க்கிற ஹோம் ஒபிசில் கிடந்தது. மன்னாரில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மனிதர் அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை தூக்கினார். கடை முதலாளி எங்கள் ஆள்தான். அப்பாவிடம் அவர், "உன் கேசுக்கு நான்தான் ஆள் சாட்சி, நீ கடையை விட்டுப் போனால் உன்னைப் பற்றிக் கேட்கிற இடத்தில் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாராம். ஒருமுறை பஸ் கராஜ் ஒன்றில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வந்து சொன்னார். அந்த நேரம் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது, யாரும் தடுத்திருக்க முடியாது. அப்பா போகவில்லை. கேஸ் முடியட்டும் என்றார். அது முடிய நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாய். முடிவு வந்தபோது அதில் கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த முதலாளியை யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. பிறகுதான் கராஜுக்குப் போனார், ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். நீ அறிந்த அப்பா கராஜுக்குப் போன பிறகு உள்ள அப்பா. பகிடி விடுகிற, சைக்கிளைக் கழற்றிப் பூட்டக் காட்டித் தந்த அப்பா. அதற்கு முன் அவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

இதை நான் ஷெரினுக்குச் சொன்னேன். கலியாணச் சேலை எடுக்க நாங்கள் இரண்டு பேரும் அப்டன் பார்க் போயிருந்தோம். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். இதுதான் அப்பா வேலை செய்த இடம் என்று காட்டப்போய், முழுக் கதையும் வந்துவிட்டது. அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். வழக்கமாக இங்கிலிஷில்தான் கதைப்பாள், அன்று தமிழிலேயே சொன்னாள். "அப்பா அப்ப நிண்ட மாதிரி அண்ணா இப்ப நிக்கிறார் அம்மா. அதுவும் என்ர கலியாணத்துக்காக. எனக்கு அது வேண்டாம்." நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். அண்ணாவுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, சம்பளம் நல்லது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்னதை நானே நம்பவில்லை என்று விளங்கியது. இருந்தும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். உனக்கு அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நீ எடுத்தாய், நான் ஸ்பீக்கரில் போட்டேன். கார்ல் என்கிற அந்தப் பண்ணைக்காரரைப் பற்றிச் சொன்னாய். உனக்குப் பனியில் வான் ஓட்டப் பழக்கியவர் என்று முன்பே சொல்லியிருந்தாய். அவருடைய மாடு கன்று ஈன முடியாமல் கிடந்திருக்கிறது. வேறு வைத்தியர் கிடைக்காமல் கிளினிக்குக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"அவர் ரெண்டு தரம் எடுத்தவர் அம்மா. நான் பூனை ஒண்டுக்குப் பல் கிளீன் பண்ணிக்கொண்டிருந்தன். மனேஜர் போக வேண்டாம் எண்டிட்டா. கார்டை நினைச்சு நான் போகேல்லை. மாடும் செத்து, கண்டும் செத்துப்போச்சு."

பிறகு நீ, "நான் போயிருந்தால் காப்பாத்தியிருக்க ஏலும் அம்மா" என்றாய். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நீ போனை வைத்த பிறகு நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தோடம்பழம் ஒன்றைப் பாதி உரித்தபடி வைத்திருந்தார். அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இனி நான் சொல்லப் போவது உனக்கு இதுவரை தெரியாதது. அந்தக் கிழமையில் ஒருநாள் அப்பா, ஷெரினின் கலியாணத்துக்கென்று தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். லூயிஷாமில் சம்பந்தி வீட்டுக்குப் போய் மண்டபக் கதை கதைத்துவிட்டு வருகிறேன் என்றார். அதற்கு ஏன் இந்தக் கோட் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் சம்பந்தி அம்மா வேறு எதற்கோ எனக்குப் போன் எடுத்தார். அப்பா அங்கே போகவே இல்லை. அவருக்கு அடித்துப் பார்த்தேன். போனும் எடுக்கவில்லை. பின்னேரம் வந்து சேர்ந்தார். நகரத்து நடுவில் அமெரிக்க விசா அலுவல் பார்க்கிற ஒரு சட்டத்தரணியிடம் போய் வந்திருக்கிறார். கராஜில் வேலை செய்த நண்பரின் மகள் ஒழுங்கு செய்து கொடுத்ததாம். மாடிப்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபடி எல்லாவற்றையும் சொன்னார். உன் கேசைப் பார்க்காமல் தன்னால் முடிவாக ஒன்றும் சொல்ல ஏலாது, பொதுவான விதியைச் சொல்கிறேன் என்று அந்தச் சட்டத்தரணிப் பெண் சொல்லியிருக்கிறார். நீ எங்களுக்குச் சொன்ன அதே விதிதான். அப்பா ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாராம். பழைய முதலாளி கோபத்தில் ஏதும் எழுதிப் போட்டால் என்ன நடக்கும்? அவ்வளவு காலம் கிடந்துவிட்ட விண்ணப்பத்தை, அவர் தன் ஆதரவைத் திரும்ப எடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்க மாட்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னாராம். கேள்விகள் வரலாம், பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாராம்.

சொல்லி முடித்துவிட்டு, ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் அந்தக் கடையில அசையாமல் நிண்டது உங்களுக்காக எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். பயத்திலதான் நிண்டனான். அந்தப் பயத்தை அவனுக்குப் புத்தியெண்டு குடுத்திட்டன்."

அதன் பிறகுதான் உனக்கு எடுத்தார். ரூத் அம்மாவிடம் போ, கலியாணத்தை நாங்கள் பார்க்கிறோம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு வைத்தார். அப்பா எப்படித் திடீரென்று மாறினார் என்று நீ பிறகு என்னைக் கேட்டாய். அவருக்கு உன்மேல் நம்பிக்கை என்று மழுப்பினேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு அவர் கோட் போட்டுக்கொண்டு நோர்தேர்ன் லைன் ரயிலில் போய் வர வேண்டியிருந்தது. பெற்றவர்கள் சொல்வது எல்லாம் யோசித்துச் சொல்வது என்று நினைக்காதே, மகன். நாங்கள் எங்களுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறோம். அதைக் கேள், மரியாதையோடு கேள், பிறகு உனக்கு முன்னால் இருப்பதை உன் கண்ணால் பார்.

கலியாணத்தைப் பற்றி உனக்கு எல்லோரும் நல்லதையே சொல்லியிருப்பார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். பயண அனுமதி வந்து சேரவில்லை. நீ இல்லாதது எனக்கு நாள் முழுதும் தைத்தது. வந்தவர்கள் எல்லோரும் மகன் எங்கே என்று கேட்டார்கள். விசா அலுவல் என்றேன். ஊரில் இருந்து வந்த காலம் தொட்டு எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் போதும், மேலே யாரும் கேட்பதில்லை. கலியாணப் பூசையில் நீ வாசிக்க வேண்டியிருந்த முதல் வேத வாசகத்தை நான் வாசிக்க வேண்டும் என்று ஷெரின் பிடிவாதமாக நின்றாள். இத்தனை வருடத்தில் நான் பீடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று வாய் திறந்ததில்லை. முதல் வரியில் குரல் உடைந்தது. முன்வரிசையில் அப்பா தலையை மெல்ல ஆட்டினார், பிறகு சரியாகிவிட்டது. வாசித்து முடித்து இறங்கும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை என்னை வாசிக்கக் கூப்பிடுகிறார்கள்.

நீ இணையத்தில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்கவில்லை. ஷெரினுக்கு முகம் வாடிப்போய்விட்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போதுதான் உன் படம் வந்தது. வைக்கோலுக்குள் நனைந்தபடி ஒரு கன்று, பக்கத்தில் உன் முழங்கை மட்டும். கார்லின் பண்ணையில் என்று எழுதியிருந்தாய். அன்று காலை உன்னைக் கூப்பிட்டவர் அவர்தான். தங்கைக்கு இன்று கலியாணம் என்று நீ சொல்ல, அவர் கன்றுக்கு ஷெரின் என்று பெயர் வைத்துவிட்டாராம். அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கண்மை எல்லாம் வழிந்து, தோழிப் பிள்ளைகள் ஓடி வந்து துடைத்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு மேசையாகப் போய் அந்தப் படத்தைக் காட்டினார். அப்பா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் மாடு சுகமா என்று மட்டும் கேட்கச் சொன்னார். சுகம் என்று நீ பதில் போட்ட பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அதன் பிறகு வந்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. புது வேலை பழைய வேலை மாதிரியானதுதானா என்று விளக்கம் கேட்டு அமெரிக்கக் குடிவரவுக்காரர் எழுதியபோது, அப்பா நாளுக்கு இரண்டு தரம் உனக்கு எடுத்தார். உன் சட்டத்தரணி பதில் எழுத, ரூத் அம்மா தானாகவே பண்ணைக்காரரிடம் எல்லாம் போய் நீ பார்க்கிற வேலையைப் பற்றி எழுதி வாங்கினார் என்று சொன்னாய். இதுவரை யாருக்கும் இப்படிக் கையெழுத்து வைத்திராத ஒரு பெண், கடதாசி என்றாலே பயப்படுகிறவர், உனக்காக அவ்வளவு அலைந்தார். அவரை நான் பார்த்ததில்லை. இங்கிலிஷில் அவருக்கு நன்றி சொல்லி ஒரு கார்ட் அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ஷெரினைத்தான் குறை சொல்ல வேண்டும், அவள்தான் திருத்தினாள்.

இப்போது உனக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காத்திருந்து பழகிய உடம்பு காத்திருப்பை விட மறுக்கும், அதைக் கவனி. அப்பா, கடவுச்சீட்டு வந்த பிறகும் கனகாலம் கதவில் தபால் விழுகிற சத்தத்துக்கு எழுந்து நிற்பார். நீ அப்படி இருக்காதே. வீடு ஒன்று பார்க்க வேண்டும் என்றால் பார். யாரையாவது விரும்பினால் சொல்லு, எல்லாம் சரிவரட்டும் என்று தள்ளிப்போடாதே. எல்லாம் ஒரே நாளில் சரிவருவதில்லை. நீ வேலை மாறின அன்று உன்னிடம் கார்டும் இல்லை, பயண அனுமதியும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் குரல் திரும்பி வந்திருந்தது. அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

இன்னும் ஒன்று. ரூத் அம்மா இரண்டு மூன்று வருடத்தில் ஓய்வெடுக்கிறேன், இடத்தை நீயே நடத்து என்று சொல்கிறார் என்றாய். அப்படி நடந்தால் உனக்கும் ஆள் தேவைப்படும். எங்கிருந்தோ ஒரு பிள்ளை வரும், உன்னைப் போல. அதன் விண்ணப்பம் உன் கையெழுத்தில் கிடக்கும். அந்தப் பிள்ளை நீ சொல்வதற்கு எல்லாம் ஓம் என்று சொல்லும். அது மரியாதையா பயமா என்று உனக்குத் தெரியாது, அதற்கே தெரியாது. ஆகவே முதல் நாளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, இப்படிச் சொல்லு: "உனக்கு இஞ்ச பிடிக்காட்டிப் போகலாம். போனாலும் உன்ர கேசுக்கு நான் ஒரு இடைஞ்சலும் செய்யமாட்டன்." நான் சொன்னதாகச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வார்த்தையை அந்த நாளில் உன் அப்பாவுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நீ போய் அதைச் சொல்லு.

அம்மா